சாவி அவர்களிடம், கணக்கு எங்களிடம்: கஸ்டடி ஏபிஐ-யோடு இரண்டு வருட அனுபவம்

ஒரே பயனருக்கு 1,200 யுஎஸ்டிசி (டாலர் மதிப்போடு கட்டப்பட்ட கிரிப்டோ நாணயம்) இரண்டு முறை போயிருந்தது. இரண்டுக்கும் நடுவே 41 நொடி இடைவெளி. எங்கள் டேட்டாபேஸில் ஒரே ஒரு வித்ட்ராயல்தான் (பணத்தை வெளியே அனுப்புவது) பதிவாகியிருந்தது, செயினில், அதாவது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில், இரண்டு பரிவர்த்தனைகள் இருந்தன. இரண்டிலும் சரியான கையெழுத்து, அடுத்தடுத்த நான்ஸ் (வரிசை எண்). எங்களுக்காகச் சாவியை வைத்திருந்து கையெழுத்துப் போடும் கஸ்டடி சேவையைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. நாங்கள் இரண்டு முறை கேட்டோம், அது இரண்டு முறை அனுப்பியது.

நாங்கள் நான்கு பேர் கொண்ட சிறிய குழு. பயனர்கள் ஸ்டேபிள்காயினையும் (யுஎஸ்டிசி போன்றவை) பிட்காயினையும் வைத்துக்கொள்ளவும் வெளியே அனுப்பவும் வசதி தரும் ஒரு செயலியை எழுதுகிறோம். பிரைவேட் கீயை, அதாவது பணத்தை அனுப்பக் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவியை, நாங்களே வைத்துக்கொள்வதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். அதற்கென்றே இருக்கும் ஒரு கஸ்டடி சேவையோடு ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாக இணைத்தோம். கடந்த இரண்டு வருடங்களில் இந்தத் துறையின் சேவைகள் டெவலப்பர்களுக்காக நிறையப் புது வசதிகளைத் தந்திருக்கின்றன. அநேகமாக எல்லாமே நல்ல வசதிகள். ஆனால் சாவியை அவர்களிடம் ஒப்படைத்ததோடு பொறுப்பும் போய்விட்டது என்று நினைத்ததுதான் எங்கள் தவறு. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், கொடுத்தோமா இல்லையா என்ற கணக்கை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அது எங்களுடையது. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரட்டை வித்ட்ராயல். பயனர் பொத்தானை அழுத்தியதும் எங்கள் சர்வர் கஸ்டடி சேவைக்குக் கோரிக்கை அனுப்பியது. 30 நொடி வரை பதில் வரவில்லை, டைம்அவுட் ஆகிவிட்டது. எங்கள் கோட் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி முயன்றது. உண்மையில் முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்திருந்தது, பதில் மட்டும்தான் திரும்பி வரும் வழியில் தொலைந்திருந்தது.

இதற்கு மருந்து ஏற்கனவே இருக்கிறது. ஐடெம்பொட்டன்சி கீ என்பார்கள். ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனி அடையாளத்தை அனுப்பினால், அதே அடையாளத்தோடு மறுபடி வரும் கோரிக்கையைச் சேவை புதிதாகச் செய்யாது, பழைய பதிலையே தரும். நாங்களும் அதை வைத்திருந்தோம். ஆனால் அந்த அடையாளத்தை உருவாக்கும் வரி ரீட்ரை செய்யும் ஃபங்ஷனுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் புது அடையாளம் பிறந்தது. சேவையின் பார்வையில் அவை இரண்டு தனித்தனி வித்ட்ராயல்கள். கோட் ரிவ்யூவில் மூன்று பேர் அந்த வரியைப் பார்த்திருந்தோம். வசதி இருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, அது எந்த இடத்தில் பிறக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பயனர் மறுநாளே கூடுதல் தொகையைத் திருப்பி அனுப்பினார். அதற்கு நாங்கள் என்றும் நன்றியுள்ளவர்கள். ஆனால் செயினில் போன பணத்தை நாமாகத் திரும்ப எடுக்க முடியாது. அடுத்தவரின் நல்ல மனதை நம்பி ஒரு அமைப்பை நடத்தவும் முடியாது.

அதற்கு அப்புறம் முழுவதையும் மாற்றி எழுதினோம். இப்போது வித்ட்ராயல் கேட்டவுடன் முதல் வேலை எங்கள் டேட்டாபேஸில்தான் நடக்கிறது. பயனரின் இருப்பைக் குறைப்பது, ‘அனுப்ப வேண்டும்’ என்ற வரியை எழுதுவது, அதன் நிரந்தர அடையாளத்தை உருவாக்குவது, மூன்றும் ஒரே டேட்டாபேஸ் பரிவர்த்தனையில் நடக்கும். ஒன்று மூன்றும் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது. தனியாக ஓடும் ஒரு வொர்க்கர் அந்த வரியை எடுத்து, அதே அடையாளத்தோடு சேவைக்கு அனுப்புகிறது. எத்தனை முறை முயன்றாலும் அடையாளம் மாறாது.

இன்னொரு முக்கியமான மாற்றம், ‘தெரியவில்லை’ என்பதை ஒரு நிலையாகவே ஏற்றுக்கொண்டது. முன்பெல்லாம் எங்களிடம் வெற்றி, தோல்வி இரண்டுதான். டைம்அவுட் என்பது தோல்வி அல்ல. சர்வர் 500 என்று பதில் தந்தாலும் அது தோல்வி அல்ல, உள்ளே வேலை நடந்து முடிந்திருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் எங்கள் கோட் இப்போது அவசரப்படுவதில்லை. எங்கள் அடையாளத்தை வைத்துச் சேவையிடம் ‘இது உன்னிடம் வந்ததா’ என்று கேட்கிறது. இல்லை என்ற உறுதியான பதில் வந்தால்தான் மறுபடி அனுப்புகிறது. தோல்வி என்று சேவையே இறுதியாகச் சொன்னால்தான் பயனரின் இருப்பைத் திருப்பிக் கூட்டுகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாங்கள் பயன்படுத்தும் சேவை ஐடெம்பொட்டன்சி கீயை 24 மணி நேரம்தான் நினைவில் வைத்திருக்கும். வார இறுதி முழுக்க ஒரு வித்ட்ராயல் சிக்கி நின்று திங்கட்கிழமை காலை மறுபடி அனுப்பினால், பழைய கீ எந்தப் பாதுகாப்பும் தராது. பரிவர்த்தனையோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் வெளி அடையாளம் என்று இன்னொரு புலம் அதே ஏபிஐ-யில் இருக்கிறது. இரண்டையும் நிரப்புகிறோம். உங்கள் சேவையின் கீ எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும் என்பதை ஆவணத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த அடி ஒரு நல்ல வசதியிலிருந்து வந்தது. எதீரியம் என்ற செயினில் ஒரு முகவரியிலிருந்து போகும் பரிவர்த்தனைகள் நான்ஸ் வரிசையில்தான் போக முடியும். குறைந்த கட்டணத்தில் ஒன்று சிக்கினால் பின்னால் நிற்கும் எல்லாம் காத்திருக்கும். கட்டணத்தைத் தானாக உயர்த்தி, சிக்கிய பரிவர்த்தனைக்குப் பதிலாக அதே நான்ஸில் புதியதை அனுப்பும் வசதியை எங்கள் சேவை கொண்டுவந்தது. சந்தோஷமாக அன்றே போட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்து, பணம் போய்ச் சேர்ந்த வித்ட்ராயல்கள் சில எங்கள் பக்கம் ‘காத்திருக்கிறது’ என்றே நின்றன. கட்டணம் மாறினால் பரிவர்த்தனையின் ஹாஷும் (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளம்) மாறும். நாங்கள் பழைய ஹாஷை வைத்துச் செயினில் தேடிக்கொண்டிருந்தோம். அது செயினில் ஏறவே இல்லை, ஏறியது அதன் மாற்று.

ஹாஷை அடையாளமாக நம்புவது இந்தத் துறையில் பழைய நோய். 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ் என்ற பிட்காயின் சந்தை வித்ட்ராயல்களை நிறுத்தியபோது சொன்ன காரணமே, பிட்காயின் பரிவர்த்தனையின் அடையாளத்தை உறுதியாவதற்கு முன் வெளியாள் மாற்ற முடிகிறது என்பதுதான். அந்த நிறுவனம் வீழ்ந்ததற்கு அதற்கு மேலும் பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் குறை உண்மையானது. 2017 ஆகஸ்டில் வந்த செக்விட் என்ற பிட்காயின் மேம்படுத்தல் அதை அந்த வகைப் பரிவர்த்தனைகளுக்குச் சரிசெய்தது. கட்டணத்தை உயர்த்தி மாற்றும் பழக்கமோ பிட்காயினிலும் உண்டு, அங்கேயும் அடையாளம் மாறும். அதனால் எங்கள் டேபிளில் இப்போது ஒரு வித்ட்ராயலுக்குப் பல ஹாஷ்கள் இருக்கலாம். எது செயினில் ஏறியதோ அது கடைசியில்தான் தெரியும். வித்ட்ராயலின் அடையாளம் நாங்கள் கொடுத்தது மட்டுமே.

வெப்ஹூக் (ஏதாவது நடந்ததும் சேவை நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி) பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒரே செய்தி இரண்டு முறை வரும். ‘உறுதியானது’ என்ற செய்தி ‘அனுப்பப்பட்டது’ என்பதற்கு முன்னால் வரும். சில நாள் வரவே வராது. அதனால் வெப்ஹூக்கில் வரும் தகவலை வைத்து நாங்கள் இருப்பை மாற்றுவதில்லை. அது கதவைத் தட்டும் சத்தம், அவ்வளவுதான். சத்தம் கேட்டதும் நாமே போய் ஏபிஐ-யில் தற்போதைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தமே கேட்காவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வெப்ஹூக் உண்மையிலேயே சேவையிடமிருந்து வந்ததா என்று பார்க்கும் கையெழுத்துச் சரிபார்ப்பில் எங்களுக்கு அரை நாள் போனது. எங்கள் ஃபிரேம்வொர்க் வந்த ஜேசன் வடிவத் தரவைப் பிரித்து மறுபடி கோர்த்துத் தந்தது. இடைவெளிகள் மாறின, கையெழுத்துப் பொருந்தவில்லை. வந்த பைட்டுகளை அப்படியே எடுத்துத்தான் சரிபார்க்க வேண்டும், பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எண்கள் விஷயமும் அப்படித்தான். எதீரியத்தின் நாணயமான ஈதர் ஒன்று என்பது 10-இன் அடுக்கு 18 வெய் (அதன் மிகச் சிறிய அலகு). ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 2-இன் அடுக்கு 53-ஐத் தாண்டினால் துல்லியத்தை இழக்கும். கணக்குப் போட்டால் 0.009 ஈதருக்கு மேல் போனாலே ஆபத்து. யுஎஸ்டிசி எதீரியத்தில் 6 தசம இடங்கள் கொண்டது, பிஎன்பி செயினில் புழங்குவது 18. டோக்கன் பெயரை வைத்துத் தசமத்தை முடிவு செய்யும் கோட் எங்காவது இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். செயின், கான்ட்ராக்ட் (செயினில் ஓடும் நிரல்) முகவரி இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு டோக்கன். தொகைகளை ஏபிஐ-யில் எழுத்துச்சரமாக அனுப்பி, உள்ளே பெரிய முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட்டில் எப்போது பணத்தைப் பயனரின் கணக்கில் சேர்ப்பது என்பதை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சேவை ‘முடிந்தது’ என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு செயினிலும் ஒவ்வொரு அர்த்தம். எதீரியத்தில் 12 நொடிக்கு ஒரு ஸ்லாட் (பரிவர்த்தனைகளின் தொகுப்பான ஒரு பிளாக்குக்கான இடம்), 32 ஸ்லாட் சேர்ந்தது ஒரு எபோக், இரண்டு எபோக் கடந்தால் இறுதியாகிறது. ஏறக்குறைய 13 நிமிடம். பிட்காயினில் அப்படி ஒரு இறுதிக் கோடே கிடையாது, ஆறு பிளாக் என்பது பழக்கத்தில் வந்த எல்லை, சராசரியாக ஒரு மணி நேரம். 2020 ஆகஸ்டில் எதீரியம் கிளாசிக் என்ற தனிச் செயினில் நடந்த தாக்குதலில் 3,000-க்கும் மேற்பட்ட பிளாக்குகள் மாற்றி எழுதப்பட்டன. சிறிய செயின்களில் ‘12 உறுதிகள் (மேலே அடுக்கப்பட்ட பிளாக்குகள்) போதும்’ என்று ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போடுவது எவ்வளவு அபாயம் என்பதற்கு அது சாட்சி. எங்கள் சேவை செயின் வாரியாகவும் தொகை வாரியாகவும் உறுதிகளின் எண்ணிக்கையை அமைக்கும் வசதியைத் தந்தபோது, அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கி உட்கார்ந்தோம். சிறு தொகைக்குச் சீக்கிரம், பெரிய தொகைக்குத் தாமதம். பயனருக்கு ‘வந்துவிட்டது, இன்னும் உறுதியாகவில்லை’ என்று காட்டியதும் சப்போர்ட்டுக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி நின்றுபோனது.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். யார் எதற்குக் கையெழுத்துப் போடலாம் என்ற விதிகள்.

இப்போது அநேகமாக எல்லா கஸ்டடி சேவைகளிலும் பாலிசி இன்ஜின் இருக்கிறது. இந்த முகவரிக்கு மட்டும், இவ்வளவு தொகை வரை, இத்தனை பேர் ஒப்புதல் என்று விதிகளை வரிசையாக எழுதலாம். மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியை எடுத்துக்கொள்ளும். எங்கள் பட்டியலின் முதல் விதி, ‘எங்களுடைய சொந்த வாலட்டுகளுக்கு இடையே மாற்றினால் ஒப்புதல் தேவையில்லை’ என்பது. நியாயமான விதி. சில மாதம் கழித்து, அடிக்கடி பணம் அனுப்ப வேண்டியிருந்த ஒரு வெளி முகவரியை வசதிக்காக அதே ‘சொந்த’ குழுவில் சேர்த்துவிட்டோம். அந்த நொடியிலிருந்து அந்த முகவரிக்கு எவ்வளவு தொகையும் யார் ஒப்புதலும் இல்லாமல் போகலாம் என்ற நிலை. காலாண்டு சரிபார்ப்பில்தான் கண்டுபிடித்தோம். பணம் எதுவும் போகவில்லை, ஆனால் அன்று இரவு எங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அதிலிருந்து விதிகளை டாஷ்போர்டில் மாற்றுவதை நிறுத்திவிட்டோம். விதிகள் கோட் போலவே ஒரு கோப்பில் இருக்கின்றன, மாற்றத்துக்கு இருவர் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு டெஸ்ட் ஓடுகிறது: தெரியாத முகவரிக்குப் பெரிய தொகை, தெரிந்த முகவரிக்கு வரம்பு மீறிய தொகை, சின்னச் சின்னத் தொகையாக நூறு முறை. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் வரம்பு போட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு, ஒரு நாளுக்கு என்று மொத்த வரம்பு போடாமல் விட்டால் அந்த வரம்பால் பயனில்லை. அதேபோல, பணம் அனுப்பும் ஏபிஐ கீக்கே அனுமதிப் பட்டியலில் புது முகவரி சேர்க்கும் உரிமையும் இருந்தால், அந்தப் பட்டியல் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

இதோடு சேர்ந்து வந்த ஒரு வசதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் சேவை நம்முடைய சர்வரிடம் ‘இதைப் போடலாமா’ என்று கேட்கும். நாம் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு எளிது, சரியாகச் செய்வதற்குக் கடினம். எங்கள் முதல் வடிவத்தில், கோரிக்கை அனுப்பும் சர்வரும் ஒப்புதல் சொல்லும் சர்வரும் ஒரே டேட்டாபேஸைப் படித்தன. ஒருவன் அந்த டேட்டாபேஸில் எழுதும் உரிமையைப் பெற்றுவிட்டால் இரண்டு பூட்டும் சேர்ந்தே திறந்துவிடும். இப்போது ஒப்புதல் சர்வர் தனி இடத்தில், தனி அணுகலோடு, தனக்கென்று ஒரு லெட்ஜர் (கணக்கேடு) நகலோடு ஓடுகிறது. அந்தச் சர்வர் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு அமைப்பு உண்டு. மறுத்துவிடு என்றே வைத்திருக்கிறோம். ஒருமுறை அது இரண்டு மணி நேரம் முடங்கி, எல்லா வித்ட்ராயலும் நின்று, பயனர்கள் கோபப்பட்டார்கள். அப்போதும் அதை மாற்றவில்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம்.

ஒப்புதல் சர்வர் எதைப் படிக்கிறது என்பது இன்னும் முக்கியம். சேவை அனுப்பும் விவரத்தில் ‘இந்த முகவரிக்கு இவ்வளவு’ என்று அழகாக எழுதியிருக்கும். நாங்கள் முதலில் அதையே படித்து முடிவு செய்தோம். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற கிரிப்டோ சந்தையில் நடந்தது எங்களை மாற்றியது. கையெழுத்துப் போட்டவர்களின் திரையில் தெரிந்தது வழக்கமான ஒரு பணமாற்றம். அவர்கள் உண்மையில் கையெழுத்துப் போட்டது, அந்த வாலட் கான்ட்ராக்டின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் ஒரு கட்டளை. காட்டிய இணையத்திரைக்குள் தீய கோட் நுழைந்திருந்தது. ஏறக்குறைய 1.5 பில்லியன் டாலர் மதிப்புள்ள ஈதர் போனது. பல கையெழுத்து இருந்தது, ஹார்டுவேர் சாதனம் இருந்தது. படிக்கக்கூடிய உண்மை மட்டும் இல்லை.

அதனால் இப்போது எங்கள் ஒப்புதல் சர்வர் விவரத்தைப் படிப்பதில்லை. கையெழுத்துக்கு வரும் மூல பைட்டுகளைத் தானே பிரித்துப் பார்க்கிறது. எந்த ஃபங்ஷன், யாருக்கு, எவ்வளவு என்று தன் லெட்ஜரோடு ஒப்பிடுகிறது. தனக்குப் பிரித்துப் படிக்கத் தெரியாத எதற்கும் இல்லை என்றே சொல்கிறது. பரிவர்த்தனையை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் வசதியும் இப்போது பல சேவைகளில் கிடைக்கிறது. பயன்படுத்துங்கள், ஆனால் அதை இரண்டாவது கண்ணாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிமுலேஷனைக் காட்டுவதும் ஒரு திரைதான்.

எம்பிசி பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். சாவி எந்த இடத்திலும் முழுதாக உருவாகாமல், துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டே கையெழுத்துப் போடும் முறை. நாங்கள் பயன்படுத்துவதும் அதைத்தான். நல்ல முறைதான், ஆனால் கணிதம் சரியாக இருந்தால் போதாது, அதை எழுதிய விதமும் சரியாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் பிட்ஃபோர்ஜ் என்ற பெயரில் வெளியான குறைகள், பரவலாகப் பயன்பட்ட சில எம்பிசி முறைகளின் செயலாக்கங்களில் இருந்தவை, சாவியையே வெளியே எடுக்க வழி செய்பவை. உங்கள் சேவையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த முறை, துண்டுகள் யார் யாரிடம், அவர்கள் நாளை கடையை மூடினால் நாங்கள் எப்படிப் பணத்தை எடுப்பது. மூன்றாவது கேள்விக்குத் திரும்ப வருகிறேன்.

புது வசதிகளில் டெவலப்பர்களை அதிகம் ஈர்ப்பது ஸ்மார்ட் அக்கவுண்டுகள், அதாவது கான்ட்ராக்டாகவே இயங்கும் வாலட்டுகள். அதற்கான தரநிலையான இஆர்சி-4337 2023 மார்ச்சில் எதீரியத்தில் செயல்பாட்டுக்கு வந்தது, செயினில் வேலை நடக்கக் கொடுக்கும் கேஸ் கட்டணத்தைப் பயனருக்குப் பதிலாக நாம் கட்டலாம், பல செயல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பலாம். 2025 மே 7 அன்று பெக்ட்ரா மேம்படுத்தலோடு இஐபி-7702 வந்தது, சாதாரண முகவரியும் ஒரு கான்ட்ராக்டின் கோடை இரவல் வாங்கி அப்படி நடந்துகொள்ளலாம். எங்களுக்கு இது பெரிய விடுதலை. முன்பு ஒவ்வொரு டெபாசிட் முகவரியிலிருந்தும் டோக்கனைத் திரட்ட, முதலில் அந்த முகவரிக்குக் கொஞ்சம் ஈதர் அனுப்பிக் கட்டணத்துக்கு வழி செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான முகவரிகளில் சிதறிக் கிடந்த சில்லறை ஈதர் ஒரு பெரிய தலைவலி. அது தீர்ந்தது.

ஆனால் 7702 எங்கள் வித்ட்ராயலை உடைத்தது, நாங்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கும் முன்பே. எங்கள் கோடில் இரண்டு பழைய நம்பிக்கைகள் ஒளிந்திருந்தன. ஒரு முகவரியில் கோட் இருந்தால் அது கான்ட்ராக்ட், அதனால் பயனரின் சொந்த வாலட்டாக இருக்க முடியாது என்று நினைத்து அந்த முகவரிகளை மறுத்துக்கொண்டிருந்தோம். 7702-க்குப் பிறகு சாதாரண வாலட்டிலும் 23 பைட் நீளமுள்ள ஒரு குறிப்பு இருக்கலாம். தங்கள் வாலட்டை மேம்படுத்திக்கொண்ட பயனர்களை எங்கள் படிவம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னொன்று, ஈதர் அனுப்ப 21,000 கேஸ் போதும் என்று எண்ணைக் கோடிலேயே எழுதி வைத்திருந்தோம். பெறுபவரின் முகவரியில் கோட் ஓடினால் அது போதாது, பரிவர்த்தனை தோற்றுவிடும், கட்டணமும் போகும். கேஸை ஒவ்வொரு முறையும் மதிப்பிடுங்கள். உங்கள் கோடில் 21000 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள், எங்களுக்கு நான்கு இடத்தில் கிடைத்தது.

ஸ்மார்ட் அக்கவுண்டில் இன்னொரு பொறி. சாதாரண முகவரியாக இருந்தால் ஒரே சாவி எதீரியம் வகைச் செயின்கள் எல்லாவற்றிலும் செல்லும், பயனர் தவறான செயினில் அனுப்பினாலும் மீட்டுவிடலாம். கான்ட்ராக்ட் வாலட் அப்படியல்ல, ஒரு செயினில் இருக்கும் வாலட் இன்னொன்றில் இல்லாமலே இருக்கலாம். 2022-இல் வின்டர்மியூட் என்ற கிரிப்டோ வர்த்தக நிறுவனத்துக்கு என்று ஆப்டிமிசம் செயினில் அனுப்பிய 2 கோடி ஓபி டோக்கன்கள் இப்படித்தான் சிக்கின. அவர்கள் கொடுத்த மல்டிசிக் (பலர் கையெழுத்து வேண்டிய வாலட்) முகவரி எதீரியத்தில் இருந்தது, ஆப்டிமிசத்தில் இன்னும் உருவாக்கப்படவில்லை. வேறொருவன் முந்திக்கொண்டு அங்கே அதே முகவரியில் ஒன்றை உருவாக்கித் தன் கைக்குள் கொண்டுவந்தான். நாங்கள் இப்போது ஒரு டெபாசிட் முகவரியைப் பயனரிடம் காட்டும் முன், அந்தச் செயினில் அது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காட்டுகிறோம்.

பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவி) பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. விரல் ரேகையால் வாலட்டைத் திறப்பது பயனருக்கு மிக எளிது. 2025 டிசம்பரில் வந்த ஃபுசாகா மேம்படுத்தல், பாஸ்கீ பயன்படுத்தும் வகைக் கையெழுத்தை எதீரியத்திலேயே மலிவாகச் சரிபார்க்க வழி செய்தது. ஆனால் பாஸ்கீ ஒரு டொமைனோடு கட்டப்பட்டது. டொமைனை மாற்றினால் பழைய பாஸ்கீ அங்கே வேலை செய்யாது. நாங்கள் உள்நுழைவுப் பக்கத்தை வேறு டொமைனுக்கு மாற்றத் திட்டமிட்டு, வெளியிட ஒரு வாரம் இருக்கும்போதுதான் இதை உணர்ந்தோம். மாற்றத்தைக் கைவிட்டோம். பத்து வருடம் கையில் வைத்திருப்போம் என்று உறுதியாகத் தெரிந்த டொமைனில் மட்டும் பாஸ்கீயைத் தொடங்குங்கள்.

சரி, அந்த மூன்றாவது கேள்வி. சேவை இல்லாமல் போனால் பணத்தை எப்படி எடுப்பது? எங்கள் சேவை மீட்பு வசதி தருகிறது. குறியாக்கம் செய்த காப்புக் கோப்பு, இணையத்தில் இணையாத கணினியில் ஓட்டும் ஒரு கருவி. ஒப்பந்தம் போட்டபோது அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிட்டோம். இந்த வருடத் தொடக்கத்தில், ஒத்திகை பார்ப்போம் என்று ஒரு சிறிய பிட்காயின் வாலட்டை எடுத்தோம். காப்பிலிருந்து சாவி சரியாக வந்தது. அந்தச் சாவியை ஒரு பொதுவான வாலட் மென்பொருளில் ஏற்றினோம். இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு கூடக் காட்டவில்லை.

சில நிமிடங்கள் அறையில் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவருக்குப் பொறி தட்டியது. பிட்காயின் வாலட்டுகள் ஒரு மூலச் சாவியிலிருந்து 0, 1, 2 என்று எண் வரிசையில் முகவரிகளை உருவாக்கும். மீட்கும்போது தொடர்ந்து 20 முகவரிகள் காலியாக இருந்தால், இதற்கு மேல் எதுவும் இல்லை என்று தேடலை நிறுத்திவிடும். பிப்-44 என்ற பிட்காயின் தரநிலை சொல்லும் எல்லை அது. தனி ஒருவரின் வாலட்டுக்குச் சரியான எல்லை. நாங்களோ ஒவ்வொரு புதுப் பயனருக்கும் ஒரு முகவரி கொடுக்கிறோம், பலர் அதில் பணமே போடுவதில்லை. நடுவே 20-க்கும் மேல் காலி முகவரிகள் எங்களுக்குச் சாதாரணம். எல்லையை 5,000 என்று உயர்த்தி மறுபடி ஓட்டினோம். மீதிப் பணம் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறியது, கடைசி சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) வரை லெட்ஜரோடு பொருந்தியது.

அன்று மாலையே, இதுவரை கொடுத்த மிகப்பெரிய முகவரி எண்ணையும் சாவியின் பாதையையும் செயின் வாரியாக ஒரு தாளில் அச்சிட்டுக் காப்புக் கோப்போடு வைத்தோம். ஒவ்வொரு மாத முதல் நாளும் அந்தத் தாள் மாற்றப்படுகிறது. அடுத்த ஒத்திகை எதீரியம் வாலட்டுகளுக்கு. இந்த முறை காப்பை எடுத்து மீட்கப்போவது, அதை இதுவரை தொட்டே பார்க்காத, குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர். நாங்கள் மூவரும் பக்கத்து அறையில் இருப்போம். எழுதி வைத்த குறிப்பைத் தவிர வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்கக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம்.